கியர்பாக்ஸை இறக்கும் முன்: பழைய ஆக்டேவியா ஆர்எஸ் காரில் ஆயில் லீக்கைத் தேடிப் பிடிப்பது

ஸ்கோடா 2004-இல் இந்தியாவில் விற்பனைக்கு இறக்கிய ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் 20 வால்வு டர்போ பெட்ரோல், 150 பிஎஸ். இன்று கைமாறி வரும் இந்த முதல் தலைமுறை ஆர்எஸ் எதுவானாலும் இருபது வயதை ஒட்டியதுதான். இன்ஜின் இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள ரப்பரும் பிளாஸ்டிக்கும் விறைத்துப் போயிருக்கும். அதனால் இந்த வண்டிகளில் ஆயில் லீக் சகஜம். டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் மாற்றியாகிவிட்டது, சம்ப்பை (ஆயில் தேங்கும் அடிப்பாத்திரத்தை) கழற்றிப் பசை போட்டாகிவிட்டது, கிராங்க் சீல் வரை போய்விட்டார்கள், ஆனாலும் காலையில் தரையில் சொட்டு இருக்கிறது என்று புலம்பும் உரிமையாளர்கள் நிறையப் பேர்.

இப்படி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே. சொட்டுகிற இடத்தைக் கசிகிற இடமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அல்லது இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தால் ஒன்றை மாற்றியதும் அடுத்தது கசியும். பாகம் எதையும் வாங்குவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா

அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டு, இரவில் வண்டிக்குக் கீழே பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரியுங்கள். முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் கோடு போட்டுக்கொண்டால், காலையில் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்தது என்று தெரியும். தட்டை மாட்டியே வைத்திருந்தால் ஆயில் அதில் தேங்கி, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே விழும். அந்தச் சொட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். ஸ்டியரிங் ஆயில் பச்சை நிறம், மிக இளக்கம். டைமிங் பெல்ட் பக்கம் முன்கீழே ஈரம் என்றால் முதல் சந்தேகம் ஸ்டியரிங் பம்ப்பின் மேல். கியர் ஆயில் கந்தக நாற்றம் அடிக்கும். இளஞ்சிவப்பாகக் காய்ந்து உப்புப் பூத்திருந்தால் அது கூலன்ட்; இந்த இன்ஜினில் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் உள்ள பிளாஸ்டிக் கூலன்ட் ஃபிளேஞ்ச் அடிக்கடி கசியும். அதே மூலையில் ஆயிலும் கசிவது உண்டு. கூலன்ட் அந்த ஆயிலைக் கழுவிக் கீழே இழுத்துவந்தால் பார்ப்பவர் குழம்பிப்போவார்.

முன்வலது சக்கர வளைவுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது லீக்காகவே இல்லாமல் போகலாம். இன்டர்கூலர் அங்கேதான் இருக்கிறது. ப்ரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ஹோஸ் அமைப்பு, வழியாக வரும் ஆயில் ஆவி குழாய்களுக்குள் மெல்லிய படலமாகப் படிவது இயல்பு. அது ஹோஸ் மூட்டில் வெளியே வந்திருந்தால் காற்றும் அங்கே கசிகிறது என்று பொருள்; கிளாம்பையும் ஹோஸையும் பாருங்கள், இன்ஜினைத் தொட வேண்டாம்.

கழுவாமல் தேடாதீர்கள்

பல வருட அழுக்கின் மேல் லீக்கைத் தேட முடியாது. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில்கள், ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். தண்ணீரில் கழுவக்கூடிய டிகிரீசரை அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் காட்டினால் கனெக்டர்களுக்குள் தண்ணீர் புகுந்து புதுக் கோளாறைக் கொண்டுவரும். இடுக்குகளுக்கு பிரேக் கிளீனர் நல்லது. ஆனால் டர்போவில் சூடு இருக்கும்போது அடித்தால் தீப்பிடிக்கும்.

டீசல் அடித்துக் கழுவும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. இந்த வேலைக்கு அது உதவாது. டீசலே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், ரப்பர் ஹோஸ்களையும் இன்ஜின் மவுன்ட்டையும் ஊதவைக்கும். கம்ப்ரஸர் காற்றால் எல்லா இடுக்கையும் உலர்த்தி, தொட்டால் விரலில் எதுவும் ஒட்டாத நிலைக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த வேலை.

பிறகு இரண்டு கட்டமாகப் பாருங்கள். முதலில் ஸ்டார்ட் செய்து 15 நிமிடம் ஐடிலிங்கில் விட்டு டார்ச், கைக்கண்ணாடி, போனில் மாட்டும் குழாய்க் கேமரா எல்லாவற்றையும் வைத்துத் தேடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் 20–30 கி.மீ. ஓட்டுங்கள். அதில் சில முறையாவது மூன்றாம் கியரில் முழு த்ராட்டில் கொடுத்து டர்போவை வேலை செய்ய விடுங்கள். ஐடிலிங்கில் உலர்ந்திருந்து டர்போ அழுத்தத்தில் மட்டும் நனைந்தால், அடுத்த பகுதியில் வரும் ப்ரீதர் கோளாறுக்கு அது நேரடிக் குறிப்பு. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுக்கும். ஆயில் தானாகக் கீழே இறங்கும். எனவே நனைந்த பகுதியில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேடுங்கள். கசிவு அங்கோ அதற்குச் சற்று மேலோதான் தொடங்கும்.

கண்ணுக்குப் பிடிபடாத லீக்குக்கு யுவி டை ஊற்றலாம். இன்ஜின் ஆயிலுக்கானதாக இருக்க வேண்டும், ஏசி டை ஆகாது. இந்த இன்ஜின் ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 4.5 லிட்டர் கொள்ளும். அதற்கு 25–30 மி.லி. வழக்கமான அளவு, பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டு இருட்டில் யுவி டார்ச் அடித்துப் பாருங்கள். ஊற்றும்போது ஃபில்லர் வாயில் சிந்தினால் அந்தச் சிந்தலே டேப்பெட் கவர் லீக் போல மின்னும், உடனே துடைத்துவிடுங்கள். பல கூலன்ட்டுகளும் யுவி வெளிச்சத்தில் தாமே ஒளிரும். டை இல்லாவிட்டால், உலர்ந்த பரப்பில் டால்கம் பவுடரைத் தூவி ஓட்டுங்கள். கசியும் கோடு பவுடரில் கருத்துத் தெரியும்.

சீலை மாற்றும் முன் ப்ரீதர்

இந்த இன்ஜினில் ப்ரீதர் அமைப்பு கொஞ்சம் சிக்கலானது, லீக் திரும்பத் திரும்ப வருவதற்கு முதல் காரணமும் அதுவே. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும் வாயு ஒரு வழியில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்தும் மறுவழியில் டேப்பெட் கவரிலிருந்தும் ஹோஸ்கள் மூலம் வெளியேறுகிறது. ஐடிலிங்கில் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருப்பதால், ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) வழியாக வாயு அங்கே உறிஞ்சப்படும். டர்போ ஊதத் தொடங்கினால் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும். அப்போது செக் வால்வு மூடிக்கொள்ள, வாயு ரெகுலேட்டர் வால்வு வழியாக டர்போவுக்கு முன்னுள்ள இன்டேக் குழாய்க்குப் போகும்.

செக் வால்வு மூடாமல் போனால் டர்போவின் அழுத்தம் நேராக கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் சுழலும் இன்ஜினின் அடிக்கூட்டுக்குள், இறங்கும். கிராங்க் சீல், கேம் சீல், டேப்பெட் கவர் பேக்கிங், டிப்ஸ்டிக் வாய் எல்லாம் ஒரே நேரத்தில் தள்ளப்படும். டர்போவுக்குள் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரியான சிறு வளையங்கள்; கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறினால் திரும்பும் ஆயில் வடிய வழியில்லாமல் அந்த வளையங்களைத் தாண்டி எக்ஸாஸ்ட்டில் போய்ப் புகையும். நல்ல டர்போவைப் பலர் வீணாக மாற்றுவது இதனால்தான்.

செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதுங்கள். கிராங்க்கேஸ் பக்கமிருந்து மேனிஃபோல்ட் பக்கம் காற்று போக வேண்டும், திருப்பிப் பிடித்து ஊதினால் துளியும் போகக் கூடாது. மாட்டும்போது திசை மாறினால் முதலுக்கே மோசம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆயில் ஊறிக் களிமண் மாதிரி இளகியிருக்கும், அல்லது விறைத்து நொறுங்கும். இரண்டுமே மாற்ற வேண்டியவை. உள்ளே கருஞ்சேறு அடைத்திருப்பதும் உண்டு. ஒவ்வொன்றாக ஒட்டுப் போடாமல் முழு ஹோஸ் செட்டையும், செக் வால்வு, ரெகுலேட்டர் வால்வோடு ஒரே தடவையில் மாற்றுவது புத்திசாலித்தனம். அந்த இடத்தில் கை போவதே பாடு.

அழுத்தத்தை அளக்க மலிவான வழி: ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் பலகையில் கட்டி, பாதி வரை நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டு அந்தக் குழாய்வாயில் ஒரு முனையைக் காற்றுப் புகாமல் இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் மட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 மில்லிபார். சூடான இன்ஜின் ஐடிலிங்கில் தண்ணீரைத் தன் பக்கம் லேசாக இழுக்க வேண்டும். வெளிப்பக்கம் தள்ளினால் ப்ரீதர் வேலை செய்யவில்லை. டிப்ஸ்டிக் குழாயின் மேல்பகுதி பிளாஸ்டிக், வெப்பத்தில் நொறுங்கும் பாகம், மெதுவாகக் கையாளுங்கள். இவ்வளவு ஏற்பாடு முடியாதென்றால், ஃபில்லர் மூடியைத் திறந்து அதன் வாயில் ஒரு ரப்பர் கையுறையைக் கட்டுங்கள். உள்ளே இழுத்தால் சரி, ஊதிப் புடைத்தால் கோளாறு.

ஹோஸ்களும் வால்வுகளும் புதிதாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். ஃபில்லர் வாயில் காற்றுச் சீறல் பலமாகக் கேட்டு 20 சதவீதத்துக்கு மேல் இழப்பு காட்டினால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. எந்தச் சீலும் அதற்கு மருந்தல்ல. புகையை உள்ளே ஏற்றி லீக் தேடும் ஸ்மோக் மெஷின் பிடிப்பவர்கள் கிராங்க்கேஸில் 0.1 பாருக்கு மேல் ஏற்ற வேண்டாம். கூட ஏற்றினால் நன்றாக இருந்த சீலும் பிதுங்கும்.

கியர்பாக்ஸ் மேல் ஈரம்: இங்கேதான் பணம் வீணாகிறது

கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் மூட்டின் அடியில் ஆயில் சொட்டினால், பட்டறையில் உடனே வரும் தீர்ப்பு: "பின் கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்." அப்படியும் இருக்கலாம். ஆனால் இந்த இன்ஜினில் அதற்கு முன் சந்தேகப்பட வேண்டியது ஹெட்டின் அதே முனையில், உயரத்தில் இருக்கிறது.

டைமிங் பெல்ட் எக்ஸாஸ்ட் கேமை (எக்ஸாஸ்ட் வால்வுகளைத் திறக்கும் தண்டை) மட்டுமே சுழற்றும். மறுமுனையில், கியர்பாக்ஸ் பக்கம், ஒரு சிறு செயின் எக்ஸாஸ்ட் கேமிலிருந்து இன்டேக் கேமைச் சுழற்றுகிறது. செயினுக்கு ஹைட்ராலிக் டென்ஷனர் ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு பேக்கிங், ஓரத்தில் அரைவட்ட ரப்பர் ஒன்று. இவை விறைத்துச் சுருங்கினால் ஆயில் ஹெட்டின் பின்சுவரில் வழிந்து, கியர்பாக்ஸின் மேல் தேங்கி, பெல் ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் இன்ஜின் பக்க உறையை) சுற்றி இறங்கிக் கீழே சொட்டும். கீழிருந்து பார்க்கிறவருக்கு அது அச்சுஅசலாகப் பின் கிராங்க் சீல்.

பிரித்தறிவது எளிது. கியர்பாக்ஸின் மேற்பரப்பைத் துடைத்து உலர்த்தி, ஒரு ஓட்டத்துக்குப் பின் மேலிருந்து கேமராவை விட்டுப் பாருங்கள். மேற்பரப்பு நனைந்திருந்தால் லீக் மேலே. மேலே உலர்ந்து, பெல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து மட்டும் ஆயில் வந்தால்தான் பின் சீல், அல்லது கியர்பாக்ஸின் இன்புட் சீல். இரண்டில் எது என்பதை நாற்றம் சொல்லும்.

டென்ஷனர் பேக்கிங் மாற்றும் வேலை டேப்பெட் கவர் பேக்கிங் போல அல்ல. கேம்ஷாஃப்ட்டுகளைத் தூக்க வேண்டும், டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். டென்ஷனரை அதற்கான கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் அவிழ்க்கக் கூடாது. இரு கேம்களிலும் உள்ள குறிகளுக்கு இடையே செயினில் 16 உருளைகள் இருக்க வேண்டும். கழற்றும் முன்பே எண்ணிப் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறினாலும் வால்வு டைமிங் மாறிவிடும், டைமிங் பெரிதாகத் தவறினால் வால்வு பிஸ்டனில் மோதும் இன்ஜின் இது. பேரிங் கேப் போல்ட்டுகளுக்கும் டென்ஷனர் போல்ட்டுகளுக்கும் இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர். மாட்டி முடித்ததும் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளைச் சரிபாருங்கள். ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் படிய, ஸ்டார்ட் செய்வதற்கு முன் அரைமணி நேரம் காத்திருங்கள்.

உண்மையிலேயே பின் சீல்தான் என்றால், அதில் பிடிஎஃப்இ (டெஃப்ளான்) வகை உதடு இருந்தால் ஆயில் தடவாமல் உலர்வாக மாட்ட வேண்டும். சாதாரண ரப்பர் சீலுக்கு ஆயில் தடவும் கைப்பழக்கத்தில் இதற்கும் தடவினால் மறுபடி கசியும். கியர்பாக்ஸ் இறங்கிய நேரத்தில் கிளச்சையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

மற்ற இடங்கள்

டேப்பெட் கவர்: பேக்கிங் செட்டில் வெளி விளிம்புக்கு ஒன்று, நடுவில் பிளக் குழிகளைச் சுற்றி ஒன்று. வெளியே உலர்ந்திருந்தும் காயிலை உருவும்போது நுனியில் ஆயில் இருந்தால் நடு பேக்கிங் போய்விட்டது. மிஸ்ஃபயருக்கும் காயில் சாவதற்கும் அது போதும். பேக்கிங்கை உலர்வாகவே மாட்டுங்கள். பெல்ட் பக்கம் முதல் பேரிங் கேப் ஹெட்டோடு சேரும் இரண்டு மூலை, டென்ஷனர் ஹெட்டோடு சேரும் இரண்டு மூலை, இந்த நான்கு இடத்தில் மட்டும் கடுகளவு சிலிக்கான் பசை. நட்டுகள் நடுவிலிருந்து வெளியே, 10 நியூட்டன் மீட்டர். "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் பேக்கிங் நசுங்கி அங்கிருந்தே கசியும்.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங்: இன்ஜினின் முன்பக்கம், இன்டேக்குக்குக் கீழே. பிளாக்கோடு சேரும் பேக்கிங், ஆயில் கூலரின் ஓ-ரிங், பிரஷர் ஸ்விட்ச், மூன்றுமே இங்கேதான். ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே ஆயில் இருந்தால் ஸ்விட்ச்சின் பிளாஸ்டிக் வழியாகவே கசிகிறது. மலிவான பாகம், 25 நியூட்டன் மீட்டர், பத்து நிமிட வேலை. இதைத் தாண்டி ஹவுசிங்கைக் கழற்றப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்திருக்கலாம்.

டர்போ குழாய்கள்: டர்போ இன்ஜினுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே. ஆயில் வரும் குழாயில் செம்பு வாஷர்கள், திரும்பும் குழாயில் மேலும் கீழும் இரண்டிரண்டு போல்ட்டும் பேக்கிங்கும். வாஷர்களையும் பேக்கிங்குகளையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். வண்டிக்குள் கருகிய ஆயில் நாற்றம் வந்தால் இந்தப் பகுதியை உடனே பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட்டில் ஆயில் சொட்டும் வண்டியை ஓட்டக் கூடாது, தீப்பிடிக்கும்.

முன் சீல்கள்: பெல்ட் கவருக்குள் ஈரம் என்றால் முன் கேம் சீல் அல்லது முன் கிராங்க் சீல். ஆயில் பட்ட டைமிங் பெல்ட் எத்தனை கி.மீ. ஓடியிருந்தாலும் தூக்கியெறிய வேண்டியதே. கிராங்க் ஸ்ப்ராக்கெட் போல்ட் புதிதாக, 90 நியூட்டன் மீட்டரும் கூடக் கால் சுற்றும். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று கழற்றும் முன் அளந்துகொள்ளுங்கள். ஷாஃப்ட்டில் அதன் உதடு கோடு போட்டிருந்தால் புதியதை 1 மி.மீ. முன்னே பின்னே உட்கார வையுங்கள்.

சம்ப்: அலுமினியம். வேகத்தடைக்குப் பெயர்போன நம் சாலைகளில் அடியில் மயிரிழை விரிசல் விழுவது சாதாரணம். பசை போடும் முன் விரிசலைத் தேடுங்கள். டிரெயின் போல்ட் 30 நியூட்டன் மீட்டர். இதற்கு மேல் இறுக்கிய கைகளால்தான் பல சம்ப்புகளில் மரை போயிருக்கிறது. இந்தச் சம்ப்புக்குப் பேக்கிங் கிடையாது, சிலிக்கான் பசை மட்டும். இரு பரப்பிலும் பழைய பசையைச் சுரண்டி, பிரேக் கிளீனரால் துடைத்து, 2–3 மி.மீ. கனத்தில் அறாத கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாக இழுங்கள். 5 நிமிடத்துக்குள் மாட்டி, 15 நியூட்டன் மீட்டரில் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். குறைந்தது அரைமணி காய்ந்த பின்னரே ஆயில். ஒரு டியூப் முழுவதையும் பிதுக்கினால் உள்ளே வழியும் பசை பிய்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். இந்த இன்ஜினின் சல்லடை ஏற்கெனவே கசடு சேரப் பெயர்பெற்றது. சம்ப் கீழே இருக்கும்போது அதையும் கழுவுங்கள்.

ஆயிலில் ஊற்றும் "லீக் ஸ்டாப்" திரவங்கள் ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவே. விறைத்து வெடித்த பேக்கிங்கும், விரிசல் விட்ட சம்ப்பும், அடைத்த ப்ரீதரும் அதற்கு அடங்காது.

பழுது பார்த்த பிறகு நனைந்த பகுதி முழுவதையும் மறுபடி கழுவுங்கள். டை ஊற்றியிருந்தால் அடுத்த ஆயில் மாற்றம் வரை அது உள்ளேயேதான் இருக்கும். பழைய மினுக்கம் மிச்சமிருந்தால் புது லீக் என்று பயந்து அதே பாகத்தை மறுபடி கழற்றுவீர்கள். அடித்தட்டை மாட்டாமல் 50 கி.மீ. ஓட்டிப் பாருங்கள், பிறகு 500 கி.மீ. கழித்து ஒருமுறை. ஆயில் மட்டம் டிப்ஸ்டிக்கின் மேல்குறியைத் தாண்டாமல் வையுங்கள். இரண்டு தடவையும் உலர்ந்திருந்தால் தட்டை மாட்டிவிடலாம்.